முதல் ஆறு இலக்கங்கள்

மியோங்-சன்,
உன் பெயரில் நான் வந்து சேர்ந்தேன்.

டென்மார்க்கின் ஸ்கீவ ஊரில்
மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறேன், இருபத்திரண்டு வருடமாக.
வருகிறவரிடம் முதலில் எண் கேட்பேன்.
இங்கே ஆளுக்குப் பத்து இலக்கம்,
முதல் ஆறும் பிறந்த நாள்.
இருமிக்கொண்டே சொல்வார்கள்,
குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டே சொல்வார்கள்,
யாரும் யோசித்துச் சொன்னதில்லை.
நானும்தான்.
பூஜ்யம் ஒன்பது, ஒன்று பூஜ்யம், ஏழு ஆறு.
வங்கியில், பல் மருத்துவரிடம்,
பிரசவ வலிக்கு நடுவில்கூட.
அது உன் பிறந்த நாள்.

மார்ச்சில் கடிதம் வந்தது.
நான்கு வருடம் கேட்டுக் கேட்டு எழுதிய பிறகு,
பாதி வரிகள் கறுப்பு மையில் மூழ்கி.
மை படாத இடத்தில் இப்படி:
மேற்படி குழந்தையைத் தகப்பனார் நேரில் வந்து
கூட்டிச் சென்றுவிட்டார்.
பயணச்சீட்டு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.
வேறொரு பெண் குழந்தை அனுப்பப்பட்டது.

வேறொரு.
உன்னைப் பற்றிப் பதினோரு பக்கம் இருக்கிறது:
தகப்பன் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர்,
விளக்கு அணைந்தால் அழும்,
இடது முழங்காலுக்குக் கீழே தீத்தழும்பு.
என்னைப் பற்றி ஒரு பெயரடை.
பெயர் இல்லை,
அடை மட்டும்.

விமான நிலையத்தில் என் முகம்
முன்பே வந்த புகைப்படத்துக்குப் பொருந்தவில்லையாம்.
பயணக் களைப்பு என்றார்கள்.
வயதுக்குப் பற்கள் அதிகம் என்று
ஊர் மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார்.
அதற்கு மேல் அவரும் எண்ணவில்லை.

எங்கள் கடையில்
ஒருவர் புட்டியை இன்னொருவர் பையில் போட்டுவிட்டால்
மூன்று பக்கப் படிவம் உண்டு.
எத்தனை மணிக்கு, யார் கை, எந்த அலமாரி,
உரியவருக்கு எப்போது தெரிவிக்கப்பட்டது.
இருமல் மருந்துக்கு.
போன வாரம்கூட ஒன்று நிரப்பினேன்.
கையெழுத்துப் போடும் இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

உன் முகவரி கேட்டேன்.
அது உன் அந்தரங்க உரிமை என்றார்கள்.
நியாயம்தான்.
சரி, என் கோப்பைத் தாருங்கள் என்றேன்.
உங்கள் பெயரைச் சொன்னால் தேடிப் பார்க்கலாம்
என்றாள் தொலைபேசியில் ஒரு பெண்,
மிகவும் மரியாதையாக.

அம்மாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.
இங்கர்-மரீ, எண்பத்தொரு வயது.
சாப்பாட்டு மேசையில் குட்டிக் கொடிகள் நட்டு
நாற்பத்தைந்து அக்டோபர்கள் எனக்குக் கேக் வெட்டியவள்.
வெகுநேரம் கழித்துக் கேட்டாள்:
அப்போ, டோர்த்த, கேக் எந்த நாளில் செய்யட்டும்?
பிறகு தட்டுகளைக் கழுவினாள்.
கழுவியவற்றையே எடுத்து மறுபடி கழுவினாள்.
அவளும் ஏமாற்றப்பட்டவள்தான்,
ஆனால் அவளுடைய எண் அவளுடையது.
அன்று இதைச் சொல்லாமல் இருந்தேன்.
இன்று சொல்கிறேன்.

உன் அப்பா உன்னைக் கூட்டிப் போனதில்
எனக்கு வருத்தமில்லை.
பேருந்திலா போனீர்கள்?
வழியில் ஏதாவது வாங்கிக் கொடுத்தாரா?
எனக்கும் யாராவது
ஒரு மாதம் பிந்தியாவது வந்து
அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம்.
என்ன பெயர் சொல்லிக் கேட்டிருப்பார்கள்?
பதிவேட்டைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள்,
அப்படி ஒரு குழந்தை
அங்கிருந்து புறப்படவே இல்லை.

உன் பெயரைத் திருப்பித் தருவதற்கு
எந்த அலுவலகத்தில் வரிசை என்று தெரியவில்லை.
தந்துவிட்டால் வெறும் நான்கு இலக்கத்தோடு நிற்பேன்.
என் மகள் லீவின் பிறப்புச் சான்றிதழில்
தாய் என்ற கட்டத்தில் இருப்பதும்
நீதான்.

இந்த அக்டோபர் ஒன்பதாம் தேதி
உனக்கு நாற்பத்தெட்டு.
வாழ்த்துகள்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்.
அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறதா?
ராத்திரி விளக்கை எரியவிட்டு
இடது முழங்காலில் தேடித் தேடி
என் அம்மா அதற்குக்
களிம்பு தடவினாள்,
நான் பள்ளிக்கூடம் போகும்வரை.